மனநோய் ஆராய்ச்சி லேபில் டெக்னீசியன் வேலை: மகளை அனுப்பலாமா?

கேள்வி, ஜூன் 3, 2025, கருங்கல்

என் மகள் பிஎஸ்சி விலங்கியல் முடித்து டிஎம்எல்டியும் (லேப் டெக்னீசியன் டிப்ளமோ) படித்திருக்கிறாள். பெங்களூரில் மனநோய் பற்றி மூளை ஆராய்ச்சி செய்யும் லேப் ஒன்றில் டெக்னீசியன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். போயே தீருவேன் என்று நிற்கிறாள். அவள் அம்மாவுக்குப் பயம். மனநோயாளிகள் கூடவே நாள் முழுக்க இருக்க வேண்டியிருக்குமா? எலியை எல்லாம் கொல்லச் சொல்வார்களாமே? நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் என்ன சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

அந்த வேலையைச் சில வருஷம் பார்த்தவள் நான். ஊர் குலசேகரம் பக்கம். எந்த லேப் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

முதல் கேள்வி: நோயாளிகள் வருவார்கள், பக்கத்தில் இருந்து பேசுவோம், பரிசோதனை முடிந்ததும் போவார்கள். வார்டு வேலை கிடையாது. இரண்டாவது: ஆமாம், எலிப் பிரிவில் போட்டால். மூன்றாவதற்குப் பதில் சொல்ல நான் சரியான ஆள் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டில் ஒருவர், "ஊளம்பாறை மாதிரி இடமா?" என்று கேட்டார். வடையும் சாயாவும் முடித்துவிட்டுப் போனவர்கள் பிறகு போன்கூடப் பண்ணவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

ஜூன் 4, காலை

வெளியூர்க்காரர் ஒருவர் ஊளம்பாறை என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். திருவனந்தபுரம் பேரூர்க்கடை அருகே உள்ள அரசு மனநல மையம். 1956-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் அந்தப் பக்கத்திலிருந்து பிரிந்து வந்தபோது இந்த வசவும் கூடவே வந்துவிட்டது. "உன்னை ஊளம்பாறைக்குத்தான் கொண்டு போகணும்" என்று கேட்டு வளராத பிள்ளை விளவங்கோடு, கல்குளம் பக்கம் இருக்காது.

ஜூன் 4, மதியம்

சரி, வேலை என்ன என்று சொல்கிறேன். என்னை முதலில் போட்டது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறையில். தலையில் தொப்பி மாட்டி, ஒவ்வொரு மின்முனைக்கும் கீழே ஜெல் விட்டு, தோலுக்கும் முனைக்கும் நடுவே உள்ள மின்தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறக்க வேண்டும். மூளையிலிருந்து வருவது மைக்ரோவோல்ட் கணக்கு. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் சில பத்து எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. கண் சிமிட்டினால் அதைவிடப் பெரிய அலை வரும். பல்லைக் கடித்தால் திரையில் ஒன்றுமே புரியாது.

இதில் தேங்காய் எண்ணெய் தேய்த்த தலை வந்தால் தடை இறங்கவே இறங்காது. முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளியுங்கள், எண்ணெய் வேண்டாம் என்று போனில் நாலு மொழியில் சொல்வோம். கன்னடக்காரர்கள் கேட்பார்கள், தெலுங்குக்காரர்கள் கேட்பார்கள். நம் பக்கத்து ஆட்கள் "சரி மக்கா, சரி" என்று சொல்லிவிட்டு வழிய வழியத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள். வெளியூருக்குப் போகும்போது பரட்டைத் தலையோடு போவதா என்று ஒரு அம்மச்சி என்னிடமே சண்டைக்கு வந்தார். கடைசியில் லேப் குளியலறையில் நானே அவருக்குத் தலை கழுவிவிட்டேன். நியமன உத்தரவில் இதெல்லாம் எழுதியிருக்காது.

மனிதத் தலையிலிருந்து இதை முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர். ஜெர்மனியில் யெனா ஊர் மனநல மருத்துவர். 1924-இல் பதிவு செய்து 1929-இல்தான் வெளியிட்டார். வருவது மூளையா, இதயத் துடிப்பா, தசையா, கருவியின் கோளாறா என்று நடுவில் அத்தனை வருஷம் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார். டெக்னீசியனாக வேலைக்கு எடுத்திருந்தால் நன்றாக வந்திருப்பார்.

ஜூன் 4, இரவு

"நர்சிங் படித்திருக்கலாமே" என்று ஒருவர். இந்த மாவட்டத்துப் பெண்ணிடம் இதைச் சொல்லாத ஆள் உண்டா? அடுத்து.

ஜூன் 6

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டீர்கள். ஆராய்ச்சிக்கு 3 டெஸ்லா (காந்த வலுவின் அளவு) காந்தம் என்றால் பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 60,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் அணையாது. ராத்திரி பெருக்க வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டும்.

கதவுக்கு வெளியே உடம்பில் உள்ள உலோகம் எல்லாவற்றையும் கழற்றி வாங்குவது டெக்னீசியன் பொறுப்பு. கொலுசு, மிஞ்சி, அரைஞாண், ஹேர்பின் எல்லாம் சுலபம். தாலிதான் பாடு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, அது உண்மை. ஆனால் சங்கிலியில் கோர்த்து வைத்திருக்கும் ஊக்குகள் எஃகு. எத்தனை பேர் தாலிச் சங்கிலியில் நாலைந்து ஊக்கைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று இந்த வேலைக்கு வந்தபிறகுதான் பார்த்தேன். தங்கமே என்றாலும் படத்தைக் கெடுக்கும், சூடேறும் ஆபத்தும் உண்டு, அதனால் கழற்றத்தான் வேண்டும். அதைச் சொன்னதும் அழுதவர்கள் உண்டு, "அப்போ எனக்கு ஸ்கேனே வேண்டாம்" என்று எழுந்து போனவர்களும் உண்டு. போகட்டும் என்று விட முடியாது, ஏனென்றால் அப்புறம் எங்கள் ஆய்வில் கல்யாணமாகாத பெண்களும் ஆண்களும் மட்டும்தான் மிஞ்சுவார்கள். வயதான ஆயா ஒருவர் சொல்லிக் கொடுத்த வழி: மேஜை இழுப்பறையில் மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் எப்போதும் இருக்கும். சங்கிலி மாமியார் கையில், மஞ்சள் கயிறு மருமகள் கழுத்தில். கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள் மின்னு என்கிற அவர்கள் தாலியைக் கழற்ற இவ்வளவு தயங்குவதில்லை, ஆனால் கையில் ஜெபமாலையோடு உள்ளே போகப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் மணி என்றாலும் நடுவில் கம்பி இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

மழை. ரப்பர் வெட்டு இல்லாததால் அப்பா வீட்டில் இருக்கிறார், நான் எலி பற்றி எழுதுகிறேன் என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

எலி அறைக்குள் போகும்போது சென்ட் கூடாது, வாசனை சோப் கூடாது, பூ கூடவே கூடாது. தோவாளைப் பூ மார்க்கெட் இருக்கிற மாவட்டத்திலிருந்து போனவளிடம் பிச்சிப்பூ வைக்காதே என்றார்கள். எலிக்கு மூக்குதான் கண். 2014-இல் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்துக் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் லேபில் சுவரில் ஒட்டியிருந்தது. ஆண்கள் அறையில் இருந்தாலோ, அவர்கள் போட்டுக் கழற்றிய பனியனை வைத்தாலோகூட எலிகளுக்கு மன அழுத்தம் ஏறுகிறது, வலியைக் காட்டுவது குறைந்துவிடுகிறது. அதற்கப்புறம் எந்த எலியை எந்த நாளில் யார் தொட்டார்கள் என்று எழுதி வைப்போம். கூட வேலை பார்த்த பையனை எலிகளுக்குப் பிடிக்காது என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடைத்துவிட்டது என்று கேலி பண்ணுவோம்.

எலிக்கு இரவுதான் பகல். அதனால் விளக்கைத் தலைகீழாக வைத்திருப்பார்கள், நாம் பகலில் சிவப்பு விளக்கில் வேலை செய்வோம். வெளியே வந்தால் மத்தியானம் என்பதே மறந்திருக்கும்.

இப்போது நீச்சல் சோதனை. 1977-இல் போர்சோல்ட் என்பவர் கொண்டுவந்தது. ஏற முடியாத கண்ணாடி உருளையில் தண்ணீர், அதில் எலியை விடுவார்கள். முதல் நாள் 15 நிமிடம், மறுநாள் 5 நிமிடம். முதலில் நீந்தும், சுவரில் ஏறப் பார்க்கும், அப்புறம் அசையாமல் மிதக்கும். அசையாமல் கிடந்த நேரத்தைத்தான் நான் கணக்கெடுக்க வேண்டும். அது நம்பிக்கை இழந்ததன் அடையாளம் என்று வைத்துக்கொள்வார்கள். மனச்சோர்வு மருந்து கொடுத்தால் அந்த நேரம் குறையும், எலி கூடுதலாகப் போராடும்.

பல மாதம் இதை வீடியோவில் பார்த்துப் பார்த்து எழுதினேன். தூக்கத்திலும் தண்ணீர்ச் சத்தம். ஒரு கட்டத்தில் எலிப் பிரிவை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள்.

கொல்வது பற்றி: ஆமாம், மூளை வேண்டுமென்றால் கொல்லத்தான் வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி தெரியாமல் எப்படி உயிர் போகும் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகுதான் ஒரு எலியைத் தொட முடியும். 1960-இல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம் இது. உங்கள் மகளிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், கோழி அறுப்பதைப் பார்க்க முடியுமா என்று.

ஜூன் 9

குளச்சல்காரர் ஒருவர் எழுதியதை எல்லோரும் படியுங்கள். "கடலில் விழுந்தவன் கையைக் காலைப் போட்டு அடித்தால் சீக்கிரம் போவான். மூச்சைப் பிடித்து மிதந்து கிடக்கிறவன்தான் கரைக்கு வருவான். உங்கள் எலி நம்பிக்கை இழக்கவில்லை, புத்தியோடு இருக்கிறது."

அண்ணே, இதைத்தான் விஞ்ஞானிகளும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் நாள் எலி மிதப்பது முதல் நாள் கற்றுக்கொண்டதனால், பலத்தைச் சேமிக்கிறது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-இல் இந்தச் சோதனையைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. எங்கள் பெரிய டாக்டரிடம் ஒருநாள் இந்தச் சந்தேகத்தை நானும் கேட்டேன். "மருந்து வேலை செய்கிறதா என்று சலிக்க இது ஒரு சல்லடை, எலியின் மனதைப் படிக்கும் கண்ணாடி இல்லை" என்றார். அப்போது ஒப்புக்கொண்டேன். இப்போது யோசித்தால், சல்லடை என்று சொல்லிவிட்டுக் கட்டுரையில் மட்டும் ஏன் "விரக்தி" என்று எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

ஆனால் மேலே எழுதியதை வைத்து விலங்குச் சோதனையே வீண் என்று இரண்டு பேர் முடிவு கட்டிவிட்டீர்கள். அவசரம். லித்தியம் கதை தெரியுமா? ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் லித்தியம் உப்பைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டார். துள்ளுகிற பிராணிகள் மல்லாக்கப் போட்டாலும் பேசாமல் கிடந்தன. அதைப் பார்த்து மனிதர்களுக்குக் கொடுத்து 1949-இல் வெளியிட்டார். மருந்து அதிகமாகி நஞ்சாகித்தான் அவை அப்படிக் கிடந்திருக்கும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். விலங்கில் பார்த்ததன் அர்த்தம் தவறு, மருந்து சரி. இன்றைக்கும், அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு அதைவிட நம்பகமான மருந்துகள் சொற்பம்.

லித்தியம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், இப்போது நாகர்கோவிலில் ரத்தப் பரிசோதனை லேபில்தானே இருக்கிறேன். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், லிட்டருக்கு 0.6-லிருந்து 1.2 மில்லிமோல் வரை என்பது பொதுவான வரம்பு, அதைத் தாண்டி ஏற ஏற விஷமாகும் ஆபத்து. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு தடவை வெளியே ஒரு இடத்திலிருந்து வந்த மாதிரியில் அளவு தாறுமாறாக ஏறி நின்றது. ஆளோ நன்றாக நடந்து வந்திருக்கிறார். எந்தக் குழாயில் எடுத்தீர்கள் என்று கேட்டேன். பச்சை மூடி. அதில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருப்பதே லித்தியம் ஹெப்பாரின்! நோயாளியின் லித்தியத்தோடு குழாயின் லித்தியத்தையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். அதை நம்பி மருந்தை நிறுத்தியிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்?

டெக்னீசியன் என்ன பெரிதாகச் செய்கிறான் என்று ஒருவர் கேட்டிருந்தார், அவருக்கு இதுதான் பதில். எண்ணெய், பூ, ஊக்கு, மூடியின் நிறம். நோயால் வராத வித்தியாசங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே தள்ளுவது.

ஜூன் 11

மூளையை வெட்டுவது. நான் அதிகம் ரசித்துச் செய்தது.

எலி மூளை 2 கிராம் வாக்கில்தான் இருக்கும். மனித மூளை 1,300, 1,400 கிராம். உறைய வைத்து, மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் கிரையோஸ்டாட் என்ற பெட்டிக்குள் கத்தியால் சீவ வேண்டும். ஒரு சீவல் 20, 30 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. சீவல் சுருளும், கிழியும், கத்தியில் ஒட்டும், மூச்சு விட்டால் பறக்கும். சின்னப் பிரஷ்ஷால் தடவிப் படிய வைத்து, கண்ணாடிச் சில்லைக் காட்டினால் தாவி ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் எல்லாம் கந்தல். அப்பாவிடம் போனில் புலம்பினேன். ரப்பர் வெட்டுகிறவர் அவர். பட்டையைச் சீவும்போது ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்தில் காயம். "கையைப் பார்க்காதே, கத்தி போகிற சத்தத்தைக் கேள்" என்றார். அப்படியே கிரையோஸ்டாட்டுக்கும் பொருந்தியது. நல்ல சீவலுக்கு ஒரு சத்தம், கிழியப் போகிற சீவலுக்கு வேறு சத்தம்.

சென்னை ஐஐடி மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுகளாகப் படம் பிடித்து, தரணி என்று பெயர் வைத்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. செய்தியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: எத்தனை கழுத்து வலி!

ஜூன் 11, இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெட்டிப் பார்த்தால் பைத்தியம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?"

தெரியாது. அல்சைமர் என்ற மறதி நோய் என்றால் படிவுகள், முடிச்சுகள் நுண்ணோக்கியில் தெரியும். மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரீனியா) அப்படி ஒன்றும் இல்லை. ஒரு வெட்டைக் காட்டி இது நோயாளி மூளை, இது சுகமாக இருந்தவர் மூளை என்று எந்தப் பேராசிரியராலும் சொல்ல முடியாது. பல பேரைச் சேர்த்துச் சராசரி பார்த்தால்தான் சில வித்தியாசம் தெரியும். எந்தச் சில்லு யாருடையது என்று எங்களுக்கும் சொல்ல மாட்டார்கள், எண் மட்டும்தான். தெரிந்தால் கண் தானாக வித்தியாசத்தைத் தேடிப் பிடித்துவிடும்.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், இங்கே அடிக்கடி நடப்பது இது. பையனுக்குக் காதில் குரல் கேட்கிறது, டாக்டர் ஸ்கேன் எழுதுகிறார். கட்டி, வீக்கம் ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் அது. ரிப்போர்ட் "நார்மல்" என்று வருகிறது. உடனே வீட்டில், "மூளையில் ஒன்றும் இல்லையாம், அப்போ இது நோய் இல்லை, யாரோ கைவிஷம் கொடுத்துவிட்டார்கள்" என்று கூடோத்திரம் (செய்வினை) எடுக்க ஆள் தேடிப் போய்விடுகிறார்கள். மாத்திரை நின்றுவிடுகிறது. எங்கள் லேப் வாசலுக்கு வருகிற நாலு வீட்டில் ஒரு வீட்டுக்காரராவது இந்த வழியில் சுற்றிவிட்டு வந்திருப்பார். நார்மல் ஸ்கேன் என்றால் கட்டி இல்லை. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

ஜூன் 12

நாலு வீட்டில் ஒரு வீடு என்று நேற்று எழுதியது ஆத்திரத்தில் வந்த கணக்கு. யாரும் எடுத்துப் போட்டுக்கொண்டு பரப்ப வேண்டாம்.

ஜூன் 13

கேட்ட அண்ணாச்சிக்கு. உங்கள் வீட்டம்மாவின் பயம் பற்றி இன்னும் கொஞ்சம். எனக்குக் கஷ்டமாக இருந்தது நோயாளிகள் இல்லை. அவர்களுடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள்தான். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களையும் கூப்பிடுவோம். ரத்தம் எடுக்கக் கையை நீட்டிக்கொண்டே கேட்பார்கள், "எனக்கும் வருமா?" முகம் சாதாரணமாக இருக்கும், நாடி மட்டும் ஓடும். டெக்னீசியன் அதற்குப் பதில் சொல்லக் கூடாது, டாக்டரிடம் கேளுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கு வருவது அதிகம் போனால் பாதிப் பேருக்குத்தான் என்று படித்திருக்கிறேன். மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் அவ்வளவுதான். கூடப்பிறந்தவர்களுக்கு அதைவிட மிகக் குறைவு. இதைச் சொல்ல வாய் துறுதுறுக்கும், சொல்ல முடியாது. உங்கள் மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகமா?

ஜூன் 14

சம்பளம். திட்ட வேலை என்றால் தொகுப்பூதியம், பிஎஃப் பல இடங்களில் கிடையாது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஜேஆர்எஃப் என்ற உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ஆயிற்று. டெக்னீசியனுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும், பெங்களூர் ஹாஸ்டல் வாடகை போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிதி முடிந்தால் வேலையும் முடியும். "நீட்டிப்பு வரும், வரும்" என்பார்கள். எழுத்தில் வராததை நம்பி வீடு பிடிக்க வேண்டாம்.

கட்டுரையில் பெயர் வருமா? நான் மாதக்கணக்கில் வெட்டிய சீவல்கள் உள்ள ஒரு கட்டுரையில் கடைசிப் பத்தியில்கூட என் பெயர் இல்லை. ஃபிரீசர் வாங்க உதவிய நிறுவனத்துக்கு நன்றி இருந்தது. அந்த ஃபிரீசர் மைனஸ் 80-ஐ விட்டு ஏறினால் ராத்திரி எந்நேரமும் அலாரம் என் போனுக்குத்தான் வரும். ஒக்கிப் புயல் அடித்த 2017-இல் ஊரில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. நான் அங்கே உட்கார்ந்து ஃபிரீசருக்கு ஜெனரேட்டர் டீசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தை இன்னும் மறக்கவில்லை. அந்த வேலையை விட்டு வந்ததற்கு எலி, சம்பளம் என்று ஆயிரம் காரணம் சொல்வேன், அந்த வாரமும் ஒன்று.

ஜூன் 15

மச்சினனைப் பற்றிக் கேட்டவருக்கு: இல்லை, அவன் பேசுவதை வைத்து அவனுக்கு என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. தயவுசெய்து வீடியோ அனுப்பாதீர்கள்.

ஜூன் 19

மகள் நேர்காணலுக்குப் போகிறாளாம். கொள்ளாம், நல்லது.

போகிற இடத்தில் எந்தப் பிரிவு என்று முதலில் கேட்கட்டும். எலியா, ரத்தமா, இ.இ.ஜி.யா, வெட்டா. எல்லாம் கலந்து என்று சொன்னால் எலிதான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபார்மால்டிஹைடு (மூளைத் துண்டைக் கெடாமல் வைக்கும் ரசாயனம்) வேலைக்குப் புகை உறிஞ்சும் பெட்டி ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்கட்டும். பெட்டி இருக்கும், உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பார்கள், அது ஆகாது. ஒப்பந்தம் எந்த மாதம் வரை என்பது தாளில் இருக்க வேண்டும். நாகர்கோவில்–பெங்களூர் எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போடுங்கள், விடுமுறை சமயம் கிடைக்காது.

அப்புறம் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி. மனித ரத்தம் தொடுகிறவர்கள் போட்டே ஆக வேண்டும். மூன்று ஊசி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. சேர்ந்த பிறகு லேபில் போடுவார்கள் என்று காத்திருந்தால் முதல் சில மாதம் பாதுகாப்பில்லாமல் ஓடிவிடும். முதல் ஊசியை இங்கேயே போட்டு, சீட்டைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.